பெயர் மறைத்த இரண்டு குழாய்கள்

இரண்டு சிறு குழாய்களையும் என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார் டாக்டர் இக்லாஸ். “பேரு தெரியாம டேப்ப ஒட்டு, நபீல். எது எதுன்னு எனக்குத் தெரியவே கூடாது.”

ஒன்றில் மருந்து. ரத்தப் புற்றணுவை உயிரோடு வைத்திருக்கும் ஒரு மரபணுவின் வாயை அடைக்க அவர் கோத்த ஆர்.என்.ஏ. துண்டு. மற்றதில் அதே ஆர்.என்.ஏ. எழுத்துகள், வரிசை கலைந்தவை, எதற்கும் உதவாதவை. இரண்டிலும் புற்றணுக்களை விடுவோம்; மருந்துக் குழாயில் மட்டும் அவை சாக வேண்டும்.

வெறும் கை பட்டாலே அந்தத் துண்டு சிதைந்துவிடும். அதனால் கெய்ரோவின் ஆகஸ்ட் வெக்கையிலும் இந்த அம்மா கையுறையைக் கழற்றமாட்டார். ஆய்வுக்கூடத்துக்கு வந்த எங்கள் கல்லூரித் தலைவர் கைகுலுக்க வந்தபோது, “பாசத்த வாசல்லயே வச்சுட்டு வாங்க” என்றார். மனிதர் அடங்கிப்போனார். மரபணுக்கள்தான் அவ்வளவு சுலபத்தில் அடங்குவதில்லை.

போன ரமலானில் மருந்துக் குழாயில் அணுக்கள் செத்துக் கிடந்ததைப் பார்த்து, நோன்பு திறந்த கையோடு ஒரு தட்டு பஸ்பூஸா ரவை இனிப்பைக் காலி செய்தோம். பிறகுதான் அவர் அடுத்த குழாயைப் பார்த்தார். அதிலும் எல்லாம் செத்திருந்தன. கொன்றது மருந்தல்ல, இரண்டிலும் துண்டைச் சுமந்து சென்ற கொழுப்பு உறை. “ஆசப்பட்ட கண்ணு. ஒண்ணப் பாத்ததும் நின்னுடுச்சு” என்று தன்னையே திட்டிக்கொண்டு, புது உறை செய்ய உட்கார்ந்தார். அன்று தொடங்கியது இந்த டேப் வேலை.

அந்த அணுக்கள் சமீஹாவின் ரத்தத்திலிருந்து வருபவை. இஸ்திரிக் கடைக்காரி, கீழ்த்தளத்து மருத்துவமனையில் சிகிச்சை. இருக்கிற மருந்து எதற்கும் அவள் நோய் இப்போது கட்டுப்படவில்லை. “இது உனக்கு வந்து சேரும்னு நான் பொய் சொல்லமாட்டேன்” என்றார் இக்லாஸ்.

“அப்புறம் எதுக்குடி வாராவாரம் என் ரத்தத்தக் குடிக்கிற?” டாக்டர் என்றும் பாராமல் கேட்டுவிட்டு, சமீஹா தானே சட்டைக் கையைச் சுருட்டினாள். இருவரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டேப் ஒட்டிச் சில நாள் கழித்து, இன்று, இக்லாஸ் அணுக்களை எண்ணி முடித்தார். ஒரு குழாயில் அநேகமாக எல்லாம் செத்திருந்தன. மற்றதில் பெரும்பாலும் உயிரோடு இருந்தன. “பிரி” என்றார். செத்திருந்த குழாயின் டேப்பை உரித்தேன். மருந்து.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “சமீஹாகிட்ட சொல்லிட்டு வரட்டுமா?”

“இன்னும் இல்ல. முதல்லேருந்து இன்னொரு தடவ.”

டேப் சுருளை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.