முழங்கால் ஆழம்

போன மாதம் மகன் வேன் பிடித்து எங்கள் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் வேனுக்குள் ஒரே கடல் பேச்சுதான். மருமகளுக்கு அந்தக் காற்றுப் பிடித்துவிட்டதாம். பேத்திக்கு அமைதி பிடித்ததாம். ஹார்ன் சத்தம் இல்லாத ஊரில் ஒரு சின்ன வீடு கட்டிப் போட்டால் என்ன என்றான் மகன்.

"ஆச்சி, ஒங்களுக்கு எது பிடிச்சது?" என்று பேத்தி கேட்டாள்.

"எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் வெட்கம். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து என்னுடையது, மெதுவாகத்தான் வரும். பரவாயில்லை, சொல்லியே விடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்த வீடு ராஜபாளையம். மேற்கே மலை, அதன் காலடியில் மாந்தோப்புகள், எங்களுக்கென்று கொஞ்சம் பருத்திக் காடு, அதில் ஒரு கிணறு. மலைத் தண்ணீர் குடிக்கிற ஊர் என்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

சித்தப்பாவுக்குத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பெண் எடுத்தார்கள். பெயர் சொன்னால் பஸ்காரருக்கே தெரியாத ஊர். வந்த சித்தி வாய் அதிர்ந்து பேசமாட்டாள். குழம்பில் காரம் அதிகம் என்றாலும் சரி, குறைவு என்றாலும் சரி, தலையை ஆட்டிக்கொள்வாள். ஆட்டுரலில் மாவாட்ட உட்கார்ந்தால் மட்டும் அவளுக்குப் பேச்சு வரும். அப்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் ஊரில் யாரும் கதவைப் பூட்டமாட்டார்களாம். பொழுது சாயும்போது தோணி கரைக்கு வந்தால், உலையில் அரிசி போட்டவள்கூட அடுப்பை அணைத்துவிட்டுப் பார்க்கப் போய்விடுவாளாம். எத்தனையோ வருஷமாகப் பார்த்த தோணிதான். ஆனாலும் போவார்களாம்.

எல்லாவற்றையும்விட அவளுக்கு அந்த ஊர்த் தண்ணீர்தான் பெரிது.

"கடல்ல இருந்து கூப்பிடு தூரந்தான் மதினி. மணல முழங்கால் ஆழம் தோண்டுனா போதும், எளநி மாதிரி ஊறும்" என்று ஒருநாள் அத்தையிடம் சொன்னாள்.

அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். காலையில் தன் வீட்டு வேலையை முடித்தாளானால் மத்தியானம் எங்கள் வீட்டுக் குற்றம் பார்க்க வந்துவிடுவாள்.

"அப்படிப் போடு! கடலுக்குப் பக்கத்துல எளநி ஊறுதுன்னா, எங்க மலைக்குப் பக்கத்துல உப்பு வெளையுதாக்கும்?" என்றாள் அத்தை.

"ஒரு நா வந்து குடிச்சுப் பாருங்க மதினி. பொறவு சொல்லுங்க."

எதற்கும் எதிர்த்துப் பேசாத சித்தி இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தையும் விடவில்லை. உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் என்று போகிற போக்கில் ஒரு சொல் விழும். சித்தியும் பதிலுக்கு, வந்து குடிச்சுப் பாருங்க என்பாள்.

சித்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் அழைத்துவர அத்தையும் சித்தப்பாவும் கிளம்பினார்கள். நான் அழுது புரண்டு கூடத் தொற்றிக்கொண்டேன். அத்தை ஒரு பித்தளைக் கூஜா நிறைய எங்கள் ஊர்த் தண்ணீரை எடுத்துக்கொண்டாள். பஸ் மாறி, பஸ் மாறி, கடைசியில் மாட்டுவண்டியில் தேரி என்கிற செம்மணல் மேடுகளைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. விரதம் என்று சொல்லி அத்தை இரண்டு பழத்தை உரித்துத் தின்றுவிட்டுக் கூஜாத் தண்ணீரைக் குடித்துப் படுத்துவிட்டாள்.

அந்த வீட்டில் சித்திக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். எட்டு வயது, என்னைவிட ஒன்று குறைவு. வண்டியை விட்டு இறங்கியதுமே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, நான் ஒனக்குச் சித்தி முறை. சித்தின்னுதான் கூப்பிடணும்."

"ஒன் மொகரைக்கா?" என்றேன் நான்.

"மொகரைக்கு இல்லட்டி, முறைக்கு" என்று சிரித்தாள்.

நான் கூப்பிடவில்லை. அவளும் சளைக்கவில்லை, என்னை மவளே, மவளே என்றுதான் கூப்பிட்டாள். உங்கள் ஊரில் மலை இருக்கிறதா என்று கேட்டேன். "கடல் இருக்கும்போது மலை எதுக்கு? மறைக்கும்" என்றாள். அந்தப் பதில் என்னை என்னவோ செய்தது. இவளை எதிலாவது ஜெயிக்க வேண்டும் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

காலையில் அத்தையின் கூஜா காலி. கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த சித்தி தங்கச்சியைக் கூப்பிட்டாள்.

"மொதக் கொடம் மதினிக்கு. நல்லாத் தெளிய விட்டு, பொறுமையா மொண்டு வா, என்ன?"

சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷமாக அவள் காத்திருந்த நாள் அது.

குடத்தையும் தேங்காய்ச் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு குட்டிச் சித்தி முன்னால் போக, நான் பின்னால் போனேன். இப்போது அவளைக் குட்டிச் சித்தி என்று கூசாமல் எழுதுகிறேன். அன்றைக்கு நாக்கு வரவில்லை. மணல்மேட்டைத் தாண்டியதும் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பனையோலையால் மூடியிருந்தது. அப்பால் கடல். குழிக்கும் கடலுக்கும் நடுவே வெறும் மணல்தான்.

அவள் ஓலையை விலக்கிவிட்டுக் குனிந்து ஒரு சிரட்டை மொண்டாள். ஓலை மடக்கில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றினாள். அவ்வளவுதான், குழியில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. அவள் பாட்டுக்கு மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன உக்காந்துட்ட?"

"ஊறணும்லா."

"எம்புட்டு நேரம்?"

"அது ஊறும். நாம அதுக்குள்ள கடலப் பாக்கலாம். அந்தா பாரு, அந்தக் கட்டுமரத்துல நிக்கது எங்க மாமா."

அவளுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. தண்ணீர் மொள்ளுவதைவிட, ஊறுவதற்காகக் காத்திருப்பதுதான் பிடித்திருந்தது போலிருக்கிறது. எனக்கு உட்கார முடியவில்லை. எங்கள் காட்டுக் கிணறு கோடையில் வற்றினால் அப்பா ஆள் இறக்கி வெட்டுவார். இன்னும் வற்றினால் இன்னும் வெட்டுவார். ஆழம் போகப் போகத்தான் நல்ல தண்ணீர் என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவள் நான். இவர்களுக்கு வெட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது.

குடம் கால்வாசிகூட நிறையவில்லை. அதற்குள் பிள்ளையைப் பிடிக்க வரச்சொல்லி வீட்டிலிருந்து குரல் வந்தது.

"செத்த நேரம் இரி, வந்துருதேன். ஊத்துல கைய வைக்காதட்டி" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் நான் குழிக்குள் இறங்கினேன். இரண்டு கையாலும் வாரி வாரி மணலை வெளியே தள்ளினேன். முழங்கால் ஆழம் இருந்த குழி தொடை ஆழம் ஆனது. தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. தெளியக் கொஞ்சம் விட்டுவிட்டு மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினேன். ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஓலையை முன்போலவே மூடிவிட்டுக் குடத்தோடு மேட்டில் ஏறினேன். எதிரே அவள் வந்தாள்.

"அதுக்குள்ள நெறஞ்சிட்டா? எப்படிட்டி?"

"எங்க ஊர்க்காரங்க கை அப்படி."

அவள் நம்பினாள். சிரித்துக்கொண்டே குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டில் எல்லோரும் அவள் குடத்தோடு வருவதைத்தான் பார்த்தார்கள். அத்தை குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது, நான்தான் மொண்டேன் என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

சித்தியே அடுப்படிக்குப் போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டாள். அவளே டம்ளரைக் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டினாள். அத்தை ஒரு வாய் வைத்தாள். எழுந்து வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"ஒங்க ஊருல காப்பிக்கு உப்புப் போடுத பழக்கமா தாயி? இதுதான் அந்த எளநியாக்கும்!"

சித்தி டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. அவள் அம்மா ஊற்றுக்கு ஓடினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

"யாருட்டி ஊத்த அந்த ஆழத்துக்குத் தோண்டுனது? அடி உப்பு மேல ஏறிட்டே! இனி அத மூடத்தான் வேணும்."

குட்டிச் சித்தி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தாள். மலைத் தண்ணீர் குடித்த ஊர்க்காரி, கிணறு வெட்டத் தெரிந்தவரின் மகள், நான் கையை நீட்டிச் சொன்னேன்:

"சித்திதான்."

முந்தின நாள் வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து அவள் கேட்டும் நான் சொல்லாத சொல். முதல்முதலாக இதற்குத்தான் என் வாயில் வந்தது.

அவள் இல்லை என்று சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் தன் அக்காவைப் பார்த்தாள். அக்கா மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தான்" என்றாள். அவள் அம்மா விட்ட அறையில் கன்னம் சிவந்துபோயிற்று. அழவில்லை.

"பக்கத்து வீட்டு ஊத்துல மொண்டுட்டு வரச் சொல்லுதேன் மதினி. ஒரே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று சித்தி கெஞ்சினாள்.

"போதும் தாயி. கண்ட தண்ணியையும் குடிச்சு வயித்துக்கு ஆகாமப் போகவா?"

வண்டி ஏறும்வரை அத்தை இளநீரே குடித்தாள். கடைசிவரை அந்த ஊரின் நல்ல தண்ணீர் அவள் நாக்கில் படவே இல்லை. வண்டி கிளம்பும்போது குட்டிச் சித்தி, ஒரு பக்கம் வீங்கின கன்னத்தோடு வந்து நின்றாள். "போயிட்டு வா மவளே" என்றாள். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று வண்டியில் யோசித்தேன். பயந்தவள் என்று முடிவு செய்தேன். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு, ஒருநாள் என் தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தான். என் நாத்தனார் மகன் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டுத் தம்பி தலையில் பழியைப் போட்டான். உடைத்தது யார் என்று என் கண்ணாலேயே பார்த்தேன். இருந்தும் தம்பியைத்தான் அதட்டினேன். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளையைக் குற்றம் சொன்னால் அதை அனுபவிக்கப்போவது அந்த வீட்டில் வாழ வந்தவள் அல்லவா. எனக்கு இருபது வயதில் தெரிந்தது அவளுக்கு எட்டு வயதில் தெரிந்திருந்தது.

ஊருக்கு வந்ததும் அத்தை அந்தக் கதையைத் தெரு முழுக்கச் சொன்னாள். குழம்பில் உப்புக் கூடினால் போதும், "ஊத்துத் தண்ணியா தாயி?" என்பாள். சித்தி சிரித்துக்கொள்வாள். நாற்பது வருஷம் எங்கள் வீட்டில் வாழ்ந்து, தங்கச்சிதான் தோண்டினாள் என்று நம்பிக்கொண்டே சித்தி போய்ச் சேர்ந்தாள். நான் சொல்லவில்லை.

சித்தியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நாங்கள் திரும்பி வந்த அந்த வாரம், அவள் ஆட்டுரலில் உட்கார்ந்ததும் நான் வழக்கம்போலப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழவி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மறுநாளும் அப்படித்தான். அவள் பேச்சில் தோணி வரவில்லை, மணல் வரவில்லை, தண்ணீர் வரவில்லை. சித்திக்கு எங்கள் ஊர் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.