பழைய லாரிக்கு வந்த கரன்ட் ஃபேன்

யாரையும் லேசில் நம்புகிற சுபாவம் எனக்குக் கிடையாது. கடைக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் முள்ளை விட்டு நகராது. பால்காரர் வழக்கத்தைவிடச் சிரித்துப் பேசினால் அன்றைக்குப் பாலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். வானத்திலிருந்து மலக்கே, தேவதூதரே, இறங்கி வந்தாலும் இவள் ரேஷன் கார்டைக் காட்டச் சொல்வாள் என்று என்னைப் பெற்ற அத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவள் கையில் ஒரு பழைய லாரியை ஒப்படைத்துவிட்டுத்தான் என் மச்சான் அரபு நாட்டுக்கு விமானம் ஏறினார். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் கட்டியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் அங்கே டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக லீவில் வந்தபோது அந்த லாரியை வாங்கினார். "ஊரான் வண்டிய ஓட்டினது போதும் புள்ள. இந்த அக்ரிமென்ட் முடியட்டும். நோன்புப் பெருநாளைக்கு வந்தா வந்ததுதான், திரும்பிப் போக மாட்டேன். நம்ம வண்டிய நானே ஓட்டுவேன்" என்றார். எனக்கு லாரியின் மேல் எந்த ஆசையும் இருந்ததில்லை. அந்த வார்த்தைக்காகத்தான் தலையாட்டினேன். அதுவரைக்கும் ஓட்ட ஒரு டிரைவரை வைத்தோம். ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆள், நடுவயசு, வாயில் எப்போதும் வெற்றிலை. வேலை என்றால் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு மூட்டை அடிப்பதுதான்.

சம்பா அறுவடை தொடங்கியதும் வண்டி கொதிக்க ஆரம்பித்தது. ரோட்டில் ஓடும்போது ஒன்றும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஒரு வரிசை, கிடங்கு வாசலில் இன்னொரு வரிசை. முன்னால் நிற்கும் வண்டி நகர நகர இதுவும் ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயத்தில் இன்ஜினை ஓடவிட்டே நிற்பார்கள். அங்கேதான் ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து மூடி வழியாக ஆவி பீறிடும். வரிசையை விட்டு விலகி நின்றால் அன்றைய லோடு அடுத்தவனுக்குப் போய்விடும்.

டிரைவர் வீட்டு வாசலுக்கு வந்து சொன்னார். "பாயம்மா, ஃபேன் எறக்கை வளஞ்சு கெடக்கு, பெல்ட்டும் தொங்கிப்போச்சு. கொஞ்சம் பெரிய எறக்கையா ஒரு ஃபேன் போட்டு, பெல்ட்ட மாத்திட்டா சரியாயிரும்."

அவருக்கு வேண்டிய கடை ஒன்று இருக்கும் என்று உடனே தோன்றியது. மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். சின்ன வயசுக்காரர், காதிடுக்கில் டெஸ்டர். முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, இன்ஜின் ஃபேனெல்லாம் பழைய காலம். இன்ஜின் மெதுவா ஓடுனா அதுவும் மெதுவாத்தான் சுத்தும். நிக்கிறப்பத்தானக்கா காத்து வேணும்? கரன்ட் ஃபேன் போட்டுட்டா நின்னாலும் ஒரே வேகம். தண்ணி சூடானா தானா ஓடும், ஆறுனா தானா நின்னுரும். டீசலும் மிச்சம்."

டிரைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அதுக்கு கரன்ட்டு யாரு குடுப்பா? இந்த வண்டி டைனமோ, நிக்கிறப்ப லைட்டுக்கே தாங்கல. அப்பறம் பாயம்மா, பெல்ட் அறுந்தா காதுக்குக் கேக்கும், மீட்டர்ல தெரியும். கரன்ட் ஃபேன் சத்தமில்லாம நின்னுதுன்னா தண்ணியெல்லாம் கொதிச்சு ஓடினதுக்கப்பறம்தான் தெரியும். அப்ப இன்ஜினையே தூக்கிப் போட வேண்டியதுதான்."

இரண்டு பேருடைய பேச்சும் சரியாகவே இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பொய் சொல்கிறவர்களை எனக்குக் கையாளத் தெரியும். ஆளுக்கு ஒரு நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எவர் பக்கம் திரும்பினாலும் ஏமாந்துவிடுவோமோ என்றுதான் தோன்றும். இருவரையும் அனுப்பிவிட்டு, வண்டியை வாசலிலேயே விட்டுப் போகச் சொன்னேன்.

நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் டிரைவரை இன்ஜினை ஓடவிடச் சொல்லி, முக்காட்டை இறுக்கிக்கொண்டு, பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துப்போய் ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தேன். பின்னாலிருக்கும் ஃபேன் காற்றை இழுத்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தாள் சரிந்து என் காலடியில் விழுந்தது. "ஆக்ஸிலேட்டர மிதிங்க" என்றேன். மிதித்தார். தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தாள் அப்போதும் அரைகுறையாகத்தான் ஒட்டியது. ஃபேன் இவ்வளவு வேகமாகச் சுற்றியும் காற்று வரவில்லை என்றால் நடுவில் ஏதோ மறிக்கிறது என்றுதானே அர்த்தம்?

இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கொண்டுவந்தேன். ரேடியேட்டரின் தகடுகளுக்கு இடையில் விட்டு நெம்பினால் பதரும் சுணையும் வைக்கோல் துணுக்கும் கட்டிகட்டியாக வந்தன. களத்தோரம் நின்று நின்று ஒரு போகத்துத் தூசியை முழுக்க அது தின்று வைத்திருந்தது. டிரைவர் குனிந்து பார்த்து, "அடேயப்பா, மாடு கட்டலாம் போல இருக்கே" என்றார். ஏன் இதுவரை பார்க்கவில்லை என்று கேட்டேன். காது கேட்காதவர் மாதிரி தண்ணீர்க் குழாயைத் தேடிப் போய்விட்டார்.

கழுவி எடுத்த பிறகு கொதிப்பது பாதிக்கு மேல் குறைந்தது. ஆனாலும் நீண்ட வரிசையில் மத்தியான வெயிலில் நின்றால் மீட்டர் முள் ஏறத்தான் செய்தது. ஆக, இரண்டில் ஒரு ஃபேனைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எனக்கே தெரிந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மச்சான் போன் பண்ணுவார். வீட்டில் போன் இல்லாத காலம். முக்கு எஸ்டிடி பூத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஈர்க்குச்சி கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, எந்த ஃபேன் என்று நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே, "கரன்ட் ஃபேன்தான். நான் இங்க ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நம்ம தெருக்காரர் ஒருத்தர் லீவுல வர்றார், அவர்ட்ட குடுத்து விடுறேன்" என்றார்.

பூத்தை விட்டு வெளியே வந்து நாலு எட்டு வைத்ததும் எனக்கு உறைத்தது. பெருநாளுக்கு இரண்டே மாதம். அவரே வரப்போகிறார். தன் பெட்டியில் தானே போட்டு எடுத்து வரலாமே? எதற்கு இன்னொருவர் தலையில் கட்ட வேண்டும்? ஃபேன் சீக்கிரம் வந்து சேரட்டும் என்ற அக்கறை என்று மனசைச் சமாதானப்படுத்தினேன். அந்தச் சமாதானம் தெருமுனை தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

தெருக்காரர் வந்தார். மச்சான் வேலை செய்யும் கம்பெனியிலேயே அவரும் டிரெய்லர் ஓட்டுகிறவர். பேரீச்சம்பழம், சோப்பு, தைலம் எல்லாவற்றோடும் ஓர் அட்டைப் பெட்டியைக் கூடத்தில் இறக்கினார். பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் இறக்கைகள், பளபளவென்று, சுற்றி ஒரு வளையம், வால் மாதிரி இரண்டு ஒயர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டீயைக் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அண்ணே, உங்க டிரெய்லர்ல எந்த ஃபேன்?"

"இன்ஜின் ஃபேன்தாம்மா. பெரிய வண்டிக்கெல்லாம் அதான். அந்த வெயில்ல அதான் தாங்கும்."

"மச்சான் ஓட்டுற வண்டியில?"

"அதுலயும் அதேதான்."

"அப்ப நம்ம வண்டிக்கு மட்டும் எதுக்கு இது?"

அவர் டீயை ஊதிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னார். "அவருக்கும் தெரியும்மா. ஆனா டிரைவர நம்பி விட்டுட்டு இருக்கிறப்ப, ஓனரு கூட இல்லாத வண்டிக்கு இது தேவலைன்னாரு. தானா ஓடி தானா நிக்கும், யாரும் பாத்துக்கிட்டிருக்க வேணாம், இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லன்னு..."

அதோடு நிறுத்திவிட்டார். டம்ளரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. "நீங்க அவர்ட்டயே கேட்டுக்கங்கம்மா" என்று பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். தராசையும் பாலையும் சந்தேகப்பட்டவளுக்கு, சந்தேகப்பட வேண்டிய ஆளிடம் மட்டும் புத்தி போகாமல் இருந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூத்தில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் எடுத்தேன். அவர் சலாம் சொல்லிவிட்டு நேராக ஃபேனுக்கு வந்தார்.

"பெட்டி வந்துச்சா? நல்லா இருக்குல்ல? அந்த எலக்ட்ரீசியன் பையன்ட்ட சொல்லி மாட்டச் சொல்லு. பேட்டரிய மட்டும் புதுசாப் போட்டுரு. டிரைவர் கிட்டருந்து பாக்கலன்னாக்கூடக் கவலையில்ல..."

சொல்லிக்கொண்டே போனார். ஒயர் எந்தப் பக்கம், சுவிட்ச் எங்கே என்று. வீட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ பேசும்போது இல்லாத ஒரு சரளம் அதில் இருந்தது. ஃபேன் இருக்கும்வரை வேறு பேச்சு வராது என்று தெம்பாக இருக்கிறார் என்று புரிந்தது.

"மச்சான், பெருநாளைக்கு வர்றீங்களா?" என்றேன்.

சுவிட்ச் பேச்சைப் பாதியில் விட்டார்.

"புள்ள, கொஞ்சம் பொறுத்துக் கேளு. அக்ரிமென்ட்ட நீட்டிட்டேன். ரெண்டு வருஷம்தான். ஒன்ட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்... அங்க புதுசு புதுசா லோன்ல வண்டி எறங்குது. எல்லாவனும் லாரி வாங்குறான். இந்தப் பழச நம்பி நான் வந்து உக்காந்தா நாளைக்கு லோடு யாரு குடுப்பா? இங்க மாசம் பொறந்தா சம்பளம் வருது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கொள்முதல் நிலைய வரிசையில் பாலிதீன் கூடப் பிரிக்காத சீட்டோடு புது வண்டிகள் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பொய்யாக இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். நியாயமாக இருந்ததால் கோபம் போக வழி இல்லாமல் நெஞ்சிலேயே நின்றது. இந்த மனிதர் என் மேல் பிரியம் இல்லாதவர் அல்ல. ஆனால் தான் இல்லாமலே எல்லாம் நடப்பதற்கு என்ன வழியோ அதைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். அது எனக்குத் தாங்கவில்லை.

அவரே மறுபடி ஃபேனுக்கு வந்தார், "ஃபேன மாட்டச் சொல்றியா?"

"இல்ல. டிரைவர் சொன்ன இன்ஜின் ஃபேனையே போடச் சொல்றேன்."

"ஏன்? அதுக்கு யாராவது பக்கத்துலயே இருந்து மீட்டரப் பாத்துக்கிட்டே இருக்கணும் புள்ள. டிரைவர நம்ப முடியாது. யாரு இருக்கா அங்க?"

"நான் இருக்கேன்ல மச்சான்" என்றேன். "நான் எங்க போயிட்டேன்?"

பூத்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். மச்சான் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எப்போதும் அவர் வைத்த பிறகுதான் நான் வைப்பேன், லைன் கட்டான சத்தத்தைக்கூடக் கொஞ்சம் கேட்டுவிட்டு. அன்றைக்கு அவர் அந்தப் பக்கம் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை வைத்துவிட்டேன்.