மூன்று என்றது கணினி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி டீச்சராக இருக்கிறேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒன்று செய்துகொண்டிருந்தோம்: கையைப் பார்த்து எத்தனை விரல் என்று கணினி தானாகவே சொல்ல வேண்டும். அதற்கு நிறையக் கைகளைக் காட்டி அதைப் பழக்க வேண்டும். வீட்டில் எல்லோருடைய கையையும் படமெடுத்து வரும்படி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். முத்துச்செல்வி மட்டும் தன் கையையே இருபது தடவை எடுத்து வந்திருந்தாள்.

"ஏட்டி, ஒரே கையைக் காட்டினா அது என்னத்தப் படிக்கும்? நாளைக்கு அறிவியல் கண்காட்சிக்கு உங்க அம்மாவையே கூட்டிட்டு வா" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். கேமரா முன்னால் வலது கையை நீட்டினார். திரையில் 'மூன்று' என்று வந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "அஞ்சு விரலையும் நல்லா விரிச்சுக் காட்டுங்கக்கா" என்றேன்.

"விரிச்சுத்தான் டீச்சர் காட்டுதேன். ரெண்டு விரலு பட்டாசு ஆபீஸ்ல வேலை செய்யும்போது வெடிச்சுப் போயிட்டு."

அப்போதுதான் திரும்பினேன். முத்துச்செல்வி ஓடிவந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். அம்மாவோ இடது கையால் ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டை என்னிடம் நீட்டி, "பிள்ளைக்கு நல்லா சொல்லிக்குடுக்கிய" என்று சிரித்தார்.

கணினி அந்தக் கையைப் பார்த்துச் சொன்னது. நான் பார்க்காமல் சொன்னேன்.

முத்துச்செல்வி இப்போதும் என் வகுப்புக்கு வருகிறாள். கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் கையை மட்டும் தூக்குவதில்லை.