சேலை காய்ந்த ஏரியல்

வயர்லெஸ் பற்றி ஆங்கிலப் புத்தகங்கள் படித்த திமிரில், ஜப்பான்காரன் காலத்தில் ஒரு நல்ல மனிதரைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தேன். இன்று பினாங்கில் கூரைக்குக் கூரை டெலிவிஷன் ஏரியல் மாட்டும் தம்பிகளுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

அப்போது எனக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு ரேடியோ கடையில் ரிப்பேர் வேலை. வெளிநாட்டுச் செய்தி கேட்கக் கூடாதென்று ஜப்பான்காரர்கள் ரேடியோக்களில் ஷார்ட்வேவைத் துண்டித்து சீல் வைத்திருந்தார்கள். உள்ளூர் நிலையம் மட்டும்தான். அதுவும் இரைச்சலாக இருக்கிறதென்று, தண்ணீர்மலை போகும் சாலையில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருவர், ஆபீஸ் குமாஸ்தா, கூப்பிட்டார். சன்னலோரம் கொஞ்சம் வயர் போட்டால் போதும். நானோ மொட்டைமாடியின் இரு மூலையிலும் மூங்கில் நட்டு, கப்பியும் கயிறும் பூட்டி, லண்டனைப் பிடிக்கிற நீளத்துக்குச் செம்புக்கம்பியை ஏற்றினேன். தெருவே அண்ணாந்து பார்த்தது. நானும் நின்று ரசித்தேன். பக்கத்து வீட்டுக்குள் ஜப்பான்காரனின் ரேடியோ சோதனைக்காரர்கள் நுழைவது அங்கிருந்து நன்றாகவே தெரிந்தது.

கிராணியார் முகம் வெளுத்தது. "என்ன தம்பி செய்துவைச்சிருக்கிறீர்? இதைக் கண்டால் லண்டன் கேக்கிறன் எண்டு பிடிச்சுக்கொண்டெல்லோ போவாங்கள்!"

"அவுக்க நேரமில்ல அண்ணே" என்றேன். படித்த புத்தகம் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

வந்தது அவர் மனைவி. "கயித்தைத் தளர்த்தும் தம்பி. ரேடியோவுக்குப் போற வயரைப் பிடுங்கும்."

கம்பி தோளளவு இறங்கியது. அந்த அக்கா, சேலையும் வேட்டியுமாக வீட்டிலிருந்த துணியையெல்லாம் தொட்டியில் முக்கியெடுத்து அதன்மேல் போட்டார். துணிப்பஞ்ச காலம், அப்படியும் கம்பியில் பாதி காலி. அவர் கண் கணவர் போட்டிருந்த ஒரே ஆபீஸ் கால்சட்டைமேல் போயிற்று.

"இதுவுமோ?"

"கழட்டுங்கோ. துவாயைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ."

ஜப்பான் சிப்பாயும் மொழிபெயர்ப்பாளரும் கீழே ரேடியோ சீலைப் பார்த்துவிட்டு மாடியேறினார்கள். கிராணியார் ஒரு கையால் துண்டைப் பிடித்தபடி இடுப்பு வளைத்து வணங்கினார். மொழிபெயர்ப்பாளர் கம்பியைக் காட்டி இது என்னவென்று மலாயில் கேட்டார். பதிலுக்கு அக்கா கால்சட்டையை ஓங்கி உதறினார். தண்ணீர் சிப்பாயின் முகத்தில் தெறித்தது. அவன் கிராணியாரைக் கன்னத்தில் ஓர் அறை அறைந்துவிட்டு, துணிக்கொடிதானென்று இறங்கிப் போனான். ஓர் அறையோடு போனால் அந்தக் காலத்தில் அது நல்ல நாள்.

எனக்கு விழவேண்டிய அறை அது. அதை வாங்கிக்கொண்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம் தம்பி" என்றார் அந்த மனிதர். இன்று எனக்கொரு கடையும் குடும்பமும் இருப்பது அந்தத் தம்பதியின் ஈரத்துணியால். தம்பிகளே, வீட்டுக்காரருக்கு என்ன தேவையோ அதை மாட்டுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் மாட்டாதீர்கள்.

போன மாதம் அதே மாடியில் டெலிவிஷன் ஏரியல் மாட்டினேன். படம் பளிச்சென்று விழுந்தது. அக்கா மாடிக்கு வந்து ஏரியலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இதிலை ஒரு துவாய்கூடக் காயப்போட ஏலாதே! முந்தினதுதான் திறம்."