ஆறு பேனலும் அக்காவின் வேப்பமரமும்

யாரிடமும் எதுவும் கேட்காமல் கரண்ட் வேண்டும் என்பதற்காகத்தான் சோலார் போட்டேன். விசாரித்தவர்களிடம் பில் வராது, மோட்டார் புகையாது என்று ஏதேதோ சொன்னேன். உண்மைக் காரணம் இதுதான்.

திருச்சுழிக்கும் பரளச்சிக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எனக்கு ஒன்றரை ஏக்கர் கரிசல் இருக்கிறது. அதிலேயே ஓட்டு வீடு. கல்யாணம் ஆகவில்லை. போரில் தண்ணீர் இருந்தது, அதை மேலே ஏற்றக் கரண்ட் இல்லை. லைன் இழுப்பதானால் தெற்கே அடுத்த நிலத்தில் மூன்று போஸ்ட் ஊன்ற வேண்டும். அந்த நிலத்துக்காரர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அப்பா பாதியாகப் பிரித்துக் கொடுத்ததில் அந்த நிலம் என் அக்காவுடையது. அவளும் நானும் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அவள் மகளுக்குக் காது குத்தினார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கூடப் பிறந்த மாமன் நான் ஒருத்தன்தான். அன்றைக்கு நான் போய் உட்காரவில்லை. மாமன் முறை வரும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மடியில் வைத்துக் குத்தினார்கள். புகுந்த வீட்டார் அத்தனை பேர் முன்னால் அக்காவுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. எனக்கு வலியப் போய்ப் பேசவே வராது. டீக்கடையில்கூடக் கூட்டம் குறையட்டும் என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் நான்.

அக்கா நேராகப் பேசமாட்டாள், ஆனால் ஆடுகளிடம் பேசுவாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் குரலை உயர்த்துவாள். "ஏ செவலை, அங்கிட்டுப் போகாத. அங்க பெரிய மனுசரு இருக்காரு. மேல பட்டுட்டா குத்தம்." நான் குனிந்து மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பேன்.

நரிக்குடிப் பக்கம் பெரிய சோலார் வேலை நடந்தபோது இரண்டு வருடம் அங்கே கூலிக்குப் போனேன். படிப்பு அஞ்சாங்கிளாஸ்தான். ஆனால் கை வேலை சீக்கிரம் பிடிபட்டுவிடும். குழி தோண்டி இரும்புக் கால் நடுவது, காலுக்கு மேல் சட்டம் பூட்டுவது, பேனலைக் கிளாம்பு போட்டு இறுக்குவது, ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கோப்பது எல்லாம் தெரியும். இதை நாமே செய்யலாமே என்று தோன்றியது. மிச்சத்துக்குப் போனில் வீடியோ பார்த்தேன். வீடியோவில் பேசியவர் நிமிடத்துக்கு ஒரு தரம் "நண்பர்களே" என்பார். வீட்டில் வேறு குரல் இல்லாததால் அதைச் சத்தமாகவே வைத்துக்கொள்வேன்.

அருப்புக்கோட்டையில் சாமான் வாங்கப் போனேன். கடைக்காரர் லிஸ்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு மாட்டுறது?"

"நாந்தேன்."

"ஒத்தையாவா? பேனலு ஒவ்வொண்ணும் இருபது கிலோவுக்கு மேல இருக்கும்ணே. கூட ஆளு இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன். ஆள் யாரும் இல்லை.

ஆடி மாதம் வேலையை ஆரம்பித்தேன். இடம் தேர்ந்தெடுக்க ரொம்ப யோசிக்கவில்லை. தெற்கு ஓரத்தில், அக்காவின் வேலியை ஒட்டி, சுக்கான் கல் மேலே தெரிகிற ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் எதுவும் விளையாது. விளைகிற இடத்தை வீணாக்க வேண்டாம் என்று அங்கேயே குழி போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் பெரிய வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழல் முழுக்க அவள் பக்கமே கிடந்தது. என் பக்கம் வெயில் பொளந்தது. அது போதும் என்று நினைத்தேன். கூலி வேலையில் இவ்வளவு கற்றும், எந்த இடத்தில் நட வேண்டும் என்பதை மட்டும் நான் கற்கவில்லை. அங்கே இஞ்சினியர்கள் வந்து இடத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். நாங்கள் தோண்டுவோம்.

எட்டுக் கால். சுக்கானில் கடப்பாரை எகிறியது. ஒரு நாளைக்கு ஒரு குழிதான் முடிந்தது. கால்கள் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய டியூபை ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நான் ஒரு முனையை ஒரு காலில் சணலால் கட்டிவிட்டு மறுமுனையைத் தூக்கிக்கொண்டு அடுத்த காலுக்குப் போவேன். அங்கே கோடு போட்டுவிட்டுத் திரும்ப ஓடி வந்து இந்த முனையில் தண்ணீர் ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பேன். அன்றைக்கு எத்தனை தரம் ஓடினேன் என்று தெரியாது. பேனலை ஏற்றும்போது ஒரு விளிம்பைச் சட்டத்தில் சாய்த்து, மறுவிளிம்பைத் தலையால் முட்டிக்கொண்டு கிளாம்பை இறுக்கினேன். அக்கா ஆடுகளோடு மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆறு பேனலையும் கோத்து மோட்டாரைப் போட்டதும் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. காட்டுவதற்கு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அதில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தண்ணீரை நம்பி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குண்டு மிளகாய் வைத்தேன். ஐப்பசியில் தண்ணீர் குறைந்தது. மேகம் மூடியிருக்கிறது, மழைதான் பெய்கிறதே என்று விட்டுவிட்டேன். கார்த்திகையும் அப்படியே போயிற்று. மார்கழியில் மழை நின்றது. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. செடி பூ வைத்துத் தண்ணீருக்கு ஏங்கியது. நல்ல உச்சி வெயிலில் மோட்டாரைப் போட்டால் குழாயில் சிறுவிரல் தண்டிக்கு வந்தது, பிறகு நின்றது.

வயரில் எலி கடித்திருக்குமோ என்று பார்க்கப் போனேன். பேனல்களுக்கு அடியில் அக்காவின் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பேனல் மேல் வேப்பமரத்தின் நிழல் கிடந்தது. ஆடியில் தெற்கே விழுந்த நிழல், சூரியன் தெற்கே இறங்கியதும் வடக்கே, என் பக்கம் திரும்பியிருக்கிறது. கோத்த பேனலில் ஒன்றில் நிழல் பட்டாலே வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். மூன்றில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு கிளையை வெட்டினால் போதும். அந்தக் கிளை அக்காவுடையது.

நாலு நாள் குடத்தில் தண்ணீர் சுமந்து செடிக்கு ஊற்றினேன். குடத்தால் எவ்வளவு தூரம் ஊற்ற முடியும்? கடைசி வரிசைகள் இலை சுருண்டு தொங்கின. ஐந்தாம் நாள் முற்பகலில் முகத்தைக் கழுவிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலி வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். அக்கா இலைக்கொழை ஒடித்து ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "ஏ செவலை, யாரோ யாரையோ கூப்பிடுறாக."

"ஒன்னையத்தான்க்கா."

கொழையைக் கீழே போட்டாள். "எனக்குக் கூடப்பொறந்தவன் எவனும் கெடையாதே. நீங்க யாரு?"

மரத்தைக் காட்டினேன். "அந்த வடக்குக் கெளை மட்டும்... நெழலு பேனலு மேல விழுது. தண்ணி வரமாட்டேங்குது."

"ஓகோ. பன்னெண்டு வருசம் கழிச்சு மரத்த வெட்டக் கேட்டு வந்திருக்காரு." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "வருசா வருசம் மார்கழியில என் ஆடு அந்தச் சுக்கான்லதான் வந்து படுக்கும். நெழலு அங்கதான விழும்? சொந்த நெலத்துல நெழலு எங்க விழுதுன்னு தெரியாதவன் வெயில்ல கரண்டு எடுக்கப் போறானாம்."

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"மொதக் குழிக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொன்னனே. ஆட்டுகிட்டச் சொன்னேன். மார்கழிக்கு நீ எங்கடி படுப்பன்னு கேட்டேன். ஒரு தரமா ரெண்டு தரமா? காதுல வாங்குனாத்தான?"

அவள் கேட்டது உண்மைதான். அது என் காதில் விழுந்தும் இருந்தது. எப்போதும் போலக் குத்திக்காட்டுகிறாள் என்று கடப்பாரையை இன்னும் ஓங்கிப் போட்டிருந்தேன்.

திரும்பி இரண்டு எட்டு வைத்தேன். அப்போதுதான் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொன்னது இல்லை.

"காதுகுத்துக்கு நான் வந்தேன்க்கா."

"என்னது?"

"கோயிலு வரைக்கும் வந்தேன். பாப்பாவுக்குத் துணியெல்லாம் எடுத்துட்டு வந்தேன். மைக்குல தாய்மாமன் மேடைக்கு வரவும்னு கூப்பிட்டாக. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாக."

"பெறகு?"

"கூட்டமா இருந்துச்சு."

அக்கா என்னையே பார்த்தாள். "கூட்டமா இருந்துச்சா? ஏலே, காதுகுத்துன்னா கூட்டம் இருக்காம காக்கா குருவியாலே இருக்கும்?"

நான் கால் விரலால் மண்ணைக் கிளறினேன்.

"நெலத்த எனக்குப் பாதி குடுத்துட்டாகன்னு நீ பொருமிக்கிட்டு வராம இருந்துட்டன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன் நானு. பன்னெண்டு வருசமா" என்றாள். பிறகு, "அந்தத் துணி என்ன ஆச்சு?"

"வீட்டுல இருக்கு."

அவள் முகம் கோணியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கீழே கிடந்த கொழையை எடுத்து மறுபடி ஆடுகளுக்குப் போட ஆரம்பித்தாள். "மரத்த வெட்ட முடியாது. கோடைக்கு என் ஆடெல்லாம் எங்க நிக்கும்? நீ போருக்கு வடக்க தள்ளி நட்டுக்கோ. நெழலு அது வரைக்கும் வராது. சாயங்காலம் ஆனாலும் வராது."

போருக்கு வடக்கே மிளகாய் நின்றது. மூன்று வரிசையைப் பிடுங்கினேன். பேனலை இறக்கி, நட்ட காலைச் சுற்றிக் கொத்திக் கான்கிரீட்டோடு பெயர்த்து, புதுக் குழி வெட்டி, மறுபடி எல்லாவற்றையும் பூட்டப் பொங்கலும் தாண்டிவிட்டது. அக்கா உதவிக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அதற்குள் கடைசி ஆறு வரிசை காய்ந்து போயிற்று. மீதி நின்றது.

மோட்டாரைப் போட்ட அன்று முற்பகலில் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் வந்தது.

"ஏலே, தண்ணி வருதா?"

"வருதுக்கா."

"சரி."

அவ்வளவுதான். அவள் என் வீட்டுக்கு இன்னும் வரவில்லை, நானும் அங்கே போய் உட்கார்ந்ததில்லை. ஆனால் தினமும் அந்த நேரத்துக்கு அதையே கேட்கிறாள், அதையே சொல்கிறேன். மற்றபடி அன்று முழுவதும் நான் வேறு யாரிடமும் பேசாமல் இருப்பது உண்டு. மேகம் மூடிய நாட்களில் அவள் கேட்பதில்லை. வானத்தைப் பார்த்தாலே பதில் தெரியுமே, எதற்குக் கேட்பாள். அந்த நாட்களில் நானே வேலி வரை போய், "இன்னைக்கு வரலக்கா" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.