நெத்திலிக் களத்து அக்கா

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மகம். லாரி கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்த என் வீட்டுக்காரருக்காகப் பால்குடம் எடுக்க, எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து பங்கோர் தீவுக்குப் போனேன். கடற்கரையிலிருந்து காளியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், நெத்திலி காயவைக்கும் சிமெண்ட் களம் ஒன்றைத் தாண்ட வேண்டும். உச்சி வெயிலில் வெறுங்கால் வெந்தது. குடத்தை இறக்கவும் கூடாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிரே ஒரு சீன அக்கா, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளித் தண்ணீரை என் பக்கம் வீசினாள். களத்தை மிதித்ததற்கு விரட்டுகிறாள் என்று நினைத்து எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளோ செருப்பைக் கழற்றி, ஈரத்தில் தன் காலை வைத்துப் பார்த்தாள். இன்னும் சுட்டது போலிருக்கிறது, மறுபடி ஊற்றினாள். அப்போதுதான் கவனித்தேன், களத்தில் ஒரு நெத்திலிகூட இல்லை.

"இவ்ளோ வெயிலு அடிக்குது, இன்னிக்கு மீன் காயப் போடலையா அக்கா?" என்றேன்.

"எப்படி லா போடுறது? நீங்க நடக்கணும்ல," என்றாள், தமிழிலேயே. பிறகு கோயில் பக்கம் தாடையால் காட்டினாள். "நீங்க ஒரு நாளு வாரீங்க, போறீங்க. உங்க சாமி வருசம் பூரா எங்க வீட்டு ஆம்பளைங்க போற கடலத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

அந்தத் தமிழை எங்கே பிடித்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கோயிலில் பாலைக் கொடுத்துவிட்டு, அம்மன் பார்க்கிற திசையில் நானும் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் இரண்டு படகுகள் தெரிந்தன. மறுபடி அம்மன் பக்கம் திரும்பி, என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் படகுகளைச் சொன்னேன்.