சின்னம்மாவுக்கு மயக்கம் தெளிந்தபோது

சின்னம்மாவின் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் விடப்பட்ட நான் முதலில் கண்டது அதைத்தான். பண்டேஜ் துணிக்குக் கீழே மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது. அவளுடைய மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் ஒப்பரேஷனுக்கு முன்பே கழற்றி என்னிடம் தந்துவிட்டிருந்தார்கள்.

அம்மாவின் தங்கை அவள். பேசாலையிலிருந்து கருவாடு கொண்டுபோய் அடம்பனில் விற்றவள். போர்க்காலத்தில் சித்தப்பாவை ஆமி பிடித்துக்கொண்டு போனபோது, முகாம் வாசலில் நின்று, "என்ர மனுசன் எங்க? சொல்லாமல் நான் போகமாட்டன்" என்று கேட்டவள். துவக்கை நெஞ்சுக்கு நேரே நீட்டியும் நகரவில்லை. சித்தப்பா திரும்பவேயில்லை.

வயதான காலத்தில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். ஆனால் மயக்கம் தெளிந்தபோது, கண்ணாடியும் கருவியும் இல்லாமல் அவளுக்குக் கண் மங்கல், காது மந்தம். சுற்றிலும் பச்சை உடுப்புகள், புரியாத சிங்களம். ஆமி தன்னைப் பிடித்துவிட்டது என்றே நினைத்துவிட்டாள். இறங்கி ஓடப் பார்த்தாள், கட்டினார்கள். கட்டியதும் அவளுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. "மாத்தயா, ஐயா, எனக்கு ஒண்டும் தெரியாது மாத்தயா. கும்பிடுறன், விடுங்கோ" என்று அவள் கதறியது மூடிய கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "நான் போய்க் கதைச்சால் அடங்குவா" என்று காவலாளியிடம் கெஞ்சினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது.

துவக்குக்கு முன்னால் கும்பிடாதவளை ஓர் ஆஸ்பத்திரி கும்பிட வைத்தது.

எலும்பு பொருந்தியது. சின்னம்மா மட்டும் எங்களிடம் திரும்பி வரவில்லை. வீட்டு வாசலில் நிழல் தெரிந்தாலே சுவரோரம் ஒதுங்குவாள். "நான்தான் சொல்லிப்போட்டன் பிள்ளை. அவரைப் பற்றி அவையிட்ட நான்தான் சொல்லிப்போட்டன்" என்று அழுவாள். கணவரைக் காட்டிக்கொடுத்தவள் தான் என்ற நினைப்போடுதான் செத்தாள். "வயசு போனால் இப்பிடித்தான்" என்றார் கிளினிக் டாக்டர்.

அண்மையில் என் கணவருக்குக் குடலிறக்க ஒப்பரேஷன் நடந்தது. மயக்க மருந்து கொடுத்த இளம் டாக்டர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள வாங்கோ அம்மா. வயசான ஆக்கள் கண் முழிக்கேக்க தெரிஞ்ச குரல் கேக்கவேணும். இல்லாட்டி மனம் குழம்பிப்போகும். சிலருக்கு அது மாறாமலே நிண்டிடும். இப்ப ஆராய்ச்சியள்ள இதைத்தான் சொல்லுறாங்கள்."

இவ்வளவுதானா? ஒரு கதவு. ஒரு குரல்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கணவர் கண்ணைத் திறந்து தேத்தண்ணி கேட்டார். நான் விம்மி விம்மி அழுதேன். "பயப்படாதேங்கோ, ஐயா நல்லா இருக்கிறார்" என்று டாக்டர் என் தோளைத் தட்டினார். அவருக்காக அழவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.